சிறுவர் சாட்சியமும் நீதியின் தராசும்

இமாம் மாலிக் இப்னு அனஸ் (ரஹ்) அவர்கள் தொகுத்தளித்த ‘முவத்தா’ நூலில், தீர்ப்புகளைப் பற்றிய பகுதியில் மிகச் சிறியதோர் அத்தியாயம் உண்டு. சிறுவர்களின் சாட்சியம் பற்றியது அது. சிறுவர்கள் தமக்குள் அடித்துக் காயப்படுத்திக்கொண்ட வழக்குகளில், ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் அச்சிறுவர்களின் வாய்மொழியையே ஆதாரமாகக் கொண்டு தீர்ப்பு வழங்கி வந்தார்கள் என்ற செய்தியை அங்கே காண்கிறோம். அதனைத் தொடர்ந்து இமாமவர்கள் மதீனாவில் நிலவிய வழக்கத்தை எடுத்துரைத்து, ஒரு நிபந்தனையையும் சேர்க்கிறார்கள். சம்பவம் நடந்த இடத்திலிருந்து சிறுவர்கள் கலைந்து செல்லும் முன்பே அவர்களுடைய சொல் கேட்கப்பட்டிருக்க வேண்டும். எவரும் அவர்களை ஏமாற்றவோ, இன்னபடி சொல் என்று கற்றுக்கொடுக்கவோ வாய்ப்பு ஏற்பட்டிருக்கக் கூடாது என்பதே அந்நிபந்தனை.

ஏனைய இமாம்களில் பலர் இதற்கு உடன்படவில்லை. தமிழகத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றிவரும் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளும் பருவமடையாச் சிறுவரின் சாட்சியத்தை ஏற்பதில்லை. மாலிக் (ரஹ்) அவர்கள் அளித்த இடமுங்கூடச் சிறுவர்களிடையே நிகழும் காயம், கொலை ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. இதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) மறைந்த அம்மேதை விதித்த அந்த ஒரு நிபந்தனையில், பிற்கால நீதிமன்றங்கள் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று அடங்கியிருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் இங்கு ஆராயப் புகுவது, பேசுவதற்கு நா கூசும் ஒரு குற்றத்தைப் பற்றி. சிறார்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமையே அது. இக்குற்றம் பூட்டிய அறையில் நிகழ்கிறது. அங்கே இருப்பவர் இருவரே: ஒருவன் குற்றவாளி, மற்றது குழந்தை. குற்றவாளியோ பெரும்பாலும் அக்குழந்தைக்கு நன்கு அறிமுகமானவன், வீட்டார் நம்பிப் பழகுபவன். உடலில் அடையாளம் இருப்பது அரிது. தனக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லக் குழந்தையிடம் சொற்களும் இல்லை. இத்தகைய குற்றத்தை எவ்வாறு கண்டறிவது? எவ்வாறு நிரூபிப்பது? நீதி வரலாறு இக்கேள்விக்கு விடை தேடித் தடுமாறிய கதை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

நான்கு சாட்சிகள் யாரைக் காக்க?

முதலில் நம்மவரிடையே நிலவும் ஒரு மயக்கத்தைக் களைந்துவிடுவோம். இத்தகைய புகார் எழும்போதெல்லாம், “நான்கு சாட்சிகள் உண்டா? இல்லையேல் இது அவதூறு அல்லவா?” என்று கேட்டு வாயடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நான்கு சாட்சிகள் பற்றிய சட்டம் சூரத்துந் நூரில் அருளப்பட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் சுமத்திய பழியைப் பற்றி இறைவன் பேசுவதும் அதே அத்தியாயத்தில்தான். கற்புடைய பெண்களின் மானத்தை வம்பர்களின் நாவிலிருந்து காப்பதே அச்சட்டத்தின் நோக்கம். மனமொத்து இருவர் செய்யும் விபசாரத்துக்குரிய ‘ஹத்’ தண்டனையின் வாயிலில் வைக்கப்பட்ட காவல் அது. கொடுமைக்கு ஆளான குழந்தையின் வாயைப் பூட்டுவதற்காக வைக்கப்பட்ட பூட்டு அன்று.

குழந்தை பருவமடையும்வரை அதன்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழி. பலவந்தத்துக்கு ஆளானவர்மீது குற்றமில்லை என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே குழந்தை இங்கே விபசாரத்தில் பங்குபெற்றவராகாது, காயம்பட்டவராகவே கருதப்படும்.

திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்மணியை வழியில் ஒருவன் பலவந்தப்படுத்திவிட்டான். அவர் கூவியழைக்க, மக்கள் ஒருவரைப் பிடித்து வந்தார்கள். “இவர்தாம்” என்று அப்பெண்மணியும் சொல்லிவிட்டார். தண்டனை விதிக்கப்படும் வேளையில் உண்மைக் குற்றவாளி எழுந்து நின்று தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அப்பெண்மணியை நோக்கி, இறைவன் உன்னை மன்னித்துவிட்டான் எனக் கூறி அனுப்பினார்கள். தவறாகப் பிடிபட்டவரிடம் நல்வார்த்தை பேசினார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. கொடுமைக்குள்ளான பெண்ணிடம் நான்கு சாட்சிகள் கேட்கப்படவில்லை. ஆளடையாளத்தில் அவர் தவறியபோதும் அவதூறுக்குரிய தண்டனை அவருக்கு வழங்கப்படவில்லை.

இந்த வேறுபாட்டை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பாகிஸ்தானின் அனுபவம் காட்டிற்று. அங்கே 1979இல் பிறப்பிக்கப்பட்ட ஹுதூத் அவசரச் சட்டம், பலவந்தத்தையும் விபசாரத்தையும் ஒரே சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. பதினாறு வயது நிரம்பாவிடினும் பூப்பெய்திய சிறுமியை வளர்ந்த பெண்ணாகவே அது கணக்கிட்டது. 1983இல் பார்வையற்ற ஓர் இளம்பெண் தனக்கு நேர்ந்த கொடுமையை முறையிட்டபோது, சாட்சியமில்லை என்று ஆடவர் விடுவிக்கப்பட்டனர். அவளுடைய கருவே அவளுக்கு எதிரான சாட்சியாக்கப்பட்டு அவளுக்குச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்டன. பின்னர் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. 2006இல் இயற்றப்பட்ட பெண்கள் பாதுகாப்புச் சட்டம், பலவந்தக் குற்றத்தை மீண்டும் பொதுவான தண்டனைச் சட்டத்துக்கே மாற்றியது. ஷரீஅத்தின் பெயரால் ஷரீஅத்தின் நோக்கத்துக்கே ஊறு விளைந்த கதை இது.

டமாஸ்கஸ் நகரத்துப் பேரறிஞர் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’ என்னும் நூலில் இதற்கு விளக்கம் தந்துவிட்டார்கள். ‘பய்யினா’ எனப்படும் ஆதாரம் சாட்சிகளின் எண்ணிக்கையில் மட்டும் அடங்கியதன்று. உண்மையைத் தெளிவாக்கும் எதுவும் ஆதாரமே என்பது அவர்களின் வாதம். நபி யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே அவர்களின் தூய்மைக்குச் சான்றாயிற்று. ஒரு குழந்தைக்கு உரிமை கொண்டாடிய இரு பெண்களின் வழக்கில், நபி சுலைமான் (அலை) அவர்கள் சாட்சிகளைத் தேடவில்லை; தாயின் துடிப்பைக் கொண்டே உண்மையைக் கண்டார்கள். இத்தகைய சூழ்நிலைச் சான்றுகளையே ஃபிக்ஹு நூல்கள் ‘கரீனா’ என்கின்றன.

ஆங்கில மன்றங்களில்

இனி மேற்கு நாடுகளின் வரலாற்றைக் காண்போம். நம் நாட்டுச் சட்டம் கிளைத்தது அங்கிருந்தேயாகும். 1676இல் இறந்த நீதிபதி மாத்யூ ஹேல், பலவந்தக் குற்றச்சாட்டு சுமத்துவதற்கு எளியது, நிரூபிப்பதற்குக் கடினமானது, குற்றமற்றவனும் அதிலிருந்து தப்புவது அரிது என்ற கருத்தைத் தம் நூலில் எழுதி வைத்தார். அந்நூல் 1736இல் அச்சேறியது. அவரது எச்சரிக்கை இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நீதிபதிகளின் நாவில் நின்றது.

1779இல் பிரேசியர் வழக்கு என்று பெயர்பெற்ற ஒரு வழக்கு வந்தது. ஏழு வயது நிரம்பாத ஒரு சிறுமி வீடு திரும்பியதும் தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் சொன்னாள். விசாரணையில் சிறுமி அழைக்கப்படவில்லை; அவள் சொன்னதைத் தாயும், அதே வீட்டில் தங்கியிருந்த மற்றொரு பெண்ணும் எடுத்துரைத்தனர். இங்கிலாந்தின் பன்னிரு நீதிபதிகளும் கூடி ஆராய்ந்து, பிறர் வாய்க் கேள்வி சாட்சியமாகாது. குழந்தை எத்துணைச் சிறிதாயினும் சத்தியத்தின் பொருளை உணர்ந்திருப்பின் அதனையே அழைத்துச் சத்தியம் செய்வித்துக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவன் மன்னிப்புப் பெற்றான். குழந்தைக்கு மன்றத்தின் கதவு திறந்தது. ஆனால் சத்தியம் என்பது இன்னதென்று விளக்கத் தெரிந்த குழந்தைக்கு மட்டுமே திறந்தது. அத்தெளிவில்லாத குழந்தையின் சொல்லை 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றபோதும், வேறு சான்று ஒன்று அதனை உறுதிப்படுத்த வேண்டும் என நிபந்தனையிட்டது. அந்த நிபந்தனை 1988இல்தான் நீங்கிற்று.

மருத்துவரின் கண்ணுக்கும் எல்லை உண்டு

சொல்லை நம்பத் தயங்கிய மன்றங்கள் உடலில் சான்று தேடின. பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவ அறிஞர் அம்ப்ருவாஸ் தார்தியூ, 1857இல் இக்குற்றங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். இக்கொடுமைக்கு ஆளாவோரில் சிறுமியர் ஏராளம் என்பதை அவர் துணிந்து எடுத்துக்காட்டினார். ஆனால் அவர் மறைந்த மறு ஆண்டே, 1880இல், அதே நகரத்தின் மற்றொரு மருத்துவ மேதையான ஃபூர்னியே, இத்தகைய புகார்களில் பொய்யாகப் புனையப்பட்டவை உண்டு என எச்சரித்து எழுதினார். தராசு ஒரு பக்கம் தாழ்ந்தால் உடனே மறுபக்கம் தாழும் இந்த ஆட்டம் அங்கே தொடங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்பி, பெற்றோரால் அடித்துத் துன்புறுத்தப்படும் குழந்தைகளைப் பற்றி 1962இல் எழுதி உலகின் கண்களைத் திறந்தார். 1978இல் அவரே, மறைந்து கிடக்கும் மற்றொரு நோய் என்று சிறார் பாலியல் கொடுமையைச் சுட்டினார். கண்டறிய வேண்டும் என்ற ஆர்வம் பெருகிற்று. அந்த ஆர்வம் அளவு கடந்தபோது விளைந்ததைத்தான் இங்கிலாந்தின் கிளீவ்லண்ட் பகுதி கண்டது.

1987இல் சில மாதங்களுக்குள் அங்கே 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்குள்ளானவர்கள் என்று மிடில்ஸ்பரோ மருத்துவமனையின் இரு குழந்தை மருத்துவர்கள் முடிவு கட்டினர். அம்முடிவுகளில் பலவற்றுக்கு ஓர் உடற்குறியே பெரும் ஆதாரமாக நின்றது. குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு மருத்துவமனையிலும் பிறர் இல்லங்களிலும் வைக்கப்பட்டனர். பின்னர் நீதிமன்றங்கள் வாயிலாகப் பெரும்பாலோர் வீடு திரும்பினர். அவர்களுள் உண்மையிலேயே கொடுமைக்கு ஆளானவர் எத்தனை பேர் என்பது இன்றளவும் சர்ச்சைக்குரியதாகவே நிற்கிறது. விசாரணை நடத்திய நீதிபதி எலிசபெத் பட்லர்-ஸ்லாஸ் அம்மையார் 1988இல் வெளியிட்ட அறிக்கையில், ஒற்றைக் குறியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவதைக் கண்டித்தார். அதே வேளையில், இக்கொடுமை சமுதாயத்தில் உள்ளதே என்பதையும் அவர் மறுக்கவில்லை. குழந்தையும் ஒரு மனிதப் பிறவியே. பெரியவர்களின் கவலைக்குரிய வெறும் பொருளன்று என்பது அவர் வற்புறுத்திய கருத்தாகும்.

மருத்துவச் சான்றின் எல்லையை 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கியது. குற்றம் நீதிமன்ற அளவில் உறுதிப்பட்ட 236 சிறாரின் மருத்துவப் பதிவுகளை அது ஆராய்ந்தது. சிறுமியருள் தெளிவான மாறுதல் காணப்பட்டோர் 14 விழுக்காட்டினரே. அடையாளம் இல்லை என்பதால் குற்றம் நிகழவில்லை என்றாகிவிடாது. ஓர் அடையாளத்தை மட்டும் கொண்டு நிகழ்ந்தது என்று சாதிப்பதும் தகாது. இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் இருத்த வேண்டும்.

கேட்பவரின் குற்றம்

கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரத்து மழலையர் பள்ளி வழக்கு மற்றொரு பாடம். 1983இல் ஒரு தாயின் புகாருடன் அது தொடங்கிற்று. நூற்றுக்கணக்கான குழந்தைகள் வினவப்பட்டனர். “இன்னார் இப்படிச் செய்தாரல்லவா? மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்களே!” என்னும் பாங்கில் கேள்விகள் அமைந்தன. குழந்தைகளின் கதைகள் நாளுக்கு நாள் விசித்திரமாயின. 1990இல் வழக்கு முடிந்தபோது எவர்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கேள்வியிலேயே விடையைத் திணித்ததனால், குற்றமற்றவர்கள் சிறையிருந்தனர். உண்மை ஏதும் இருந்திருந்தாலும் அதனைப் பிரித்தெடுக்க வழியில்லாது போயிற்று.

இதன்பின் உளவியலாளர்கள் குழந்தைகளை வினவும் முறையை வகுத்தனர். மைக்கேல் லேம்ப் முதலானோர் உருவாக்கிய முறையின் சாரம் எளியது: “என்ன நடந்தது, சொல்” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்; பெயரையோ செயலையோ கேட்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது; விரைந்து கேட்க வேண்டும்; திரும்பத் திரும்பக் கேட்கலாகாது. கலைந்து செல்லுமுன், கற்றுக்கொடுக்கப்படுமுன் என்று மதீனத்து இமாம் சொன்னதை நேயர்கள் இங்கே ஒப்பு நோக்குவார்களாக!

குழந்தை ஏன் உடனே சொல்வதில்லை என்பதும் ஆராயப்பட்டது. மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் எழுதிய கட்டுரையில், இரகசியம் காக்கும்படி மிரட்டப்படுதல், தன்னால் இயலாமை, சிக்கிக்கொண்டு பழகிப்போதல், காலந்தாழ்த்திச் சொல்லுதல், சொன்னதையே மறுத்தல் என ஐந்து நிலைகளை விவரித்தார். வீட்டில் அழுகையும் பூசலும் எழுவதைக் கண்ட குழந்தை, “இல்லை, நான் சும்மா சொன்னேன்” என்று பின்வாங்குவது அரிதன்று. ஆனால் இந்நிலைகளை ஒருவனது குற்றத்துக்கு நிரூபணமாகக் கொள்ளலாகாது என்று அவரே பின்னாளில் தெளிவுபடுத்தினார்.

நம் நாட்டில்

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், சாட்சிக்கு வயது வரம்பு எதனையும் வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்து அறிவுக்குப் பொருந்திய விடை சொல்ல இயலும் எவரும் சாட்சியாகலாம். 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்துள்ள புதிய சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை.

இவ்விதியின் உரைகல்லாக அமைந்தது இராஜஸ்தானில் எழுந்த இராமேஷ்வர் வழக்கு. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கொடுமை நிகழ்ந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் தன் தாயிடம் நடந்ததைச் சொன்னாள். சத்தியத்தின் பொருளை அவள் அறியவில்லை என்று கண்டு, முதல் நீதிபதி சத்தியம் செய்விக்காமலே அவள் வாக்குமூலத்தைப் பதிந்து குற்றவாளியைத் தண்டித்தார். மேல்முறையீட்டு நீதிபதியோ, தம் மனம் அவளை நம்பினாலும் சட்டத்துக்குப் போதிய சான்று இல்லை என்று அவனை விடுவித்தார். உயர்நீதிமன்றம் தண்டனையை மீட்டது. 1951 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் நீதிபதி விவியன் போஸ் அதனை உறுதி செய்தார். சத்தியம் செய்விக்காததனால் சாட்சியம் செல்லாமற் போகாது. பிறிதொரு சான்று வேண்டும் என்பது முன்னெச்சரிக்கையேயன்றி மீறலாகாத சட்டமன்று. உடனடியாகத் தாயிடம் சொன்ன சொல்லே அவள் கூற்றுக்குத் துணைச் சான்றாகும் என்று அத்தீர்ப்பு விளக்கிற்று. 1779இல் இங்கிலாந்தில் தள்ளப்பட்ட தாயின் வாய்மொழி, 1951இல் இந்தியாவில் மகளின் சொல்லுக்குத் துணையாக ஏற்கப்பட்டது.

2007இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் நடத்திய ஆய்வில், ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் 53 விழுக்காட்டினர். கொடுமை செய்தோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பொறுப்பான இடத்தில் இருந்தவர்கள். ஆண் குழந்தைகளும் இதற்கு விலக்கல்லர் என்பதும் அதனால் வெளிப்பட்டது. இதன்பின் 2012இல் ‘போக்சோ’ சட்டம் பிறந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலாரையும் அது காக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, சீருடை அணியாத காவல் அலுவலர் பதிவு செய்ய வேண்டும். மன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவனின் முகத்தெதிரே குழந்தையை நிறுத்தலாகாது. குற்றத்தை அறிந்தவர் மறைப்பதே தண்டனைக்குரியது என்பன அதன் முக்கிய விதிகள்.

நம் வீட்டு வாயிலில்

இவ்வரலாறு முழுவதையும் நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. குழந்தையை நம்ப மறுத்த காலமும், குழந்தையின் வாயில் தம் சொல்லைப் புகுத்திய காலமும் ஒரே குறையிலிருந்து பிறந்தவை. குழந்தையின் சொந்தச் சொல்லை உரிய நேரத்தில் பொறுமையோடு கேட்க ஆளில்லை.

சந்தேகம் தண்டனையைத் தடுக்கும் என்பது நம் ஃபுகஹாக்கள் ஏற்ற விதி. சந்தேகம் பாதுகாப்பைத் தடுக்கும் என்று எந்த நூலிலும் நாம் கண்டதில்லை. ஒருவனைச் சிறையிலடைக்க நிரூபணம் வேண்டும். அது நீதிமன்றத்தின் வேலை. ஒரு குழந்தையை அவனிருக்கும் அறைக்கு மீண்டும் அனுப்பாதிருக்க நிரூபணம் வேண்டியதில்லை. அது தாய் தந்தையரின் வேலை. நீதிபதியின் தராசைப் பெற்றோர் தம் கையில் எடுத்துக்கொண்டு, “ஆதாரம் எங்கே?” என்று பிள்ளையிடம் கேட்பது பெருங்கொடுமையாகும்.

பிள்ளை வாய் திறந்தால் பதறாமல் கேளுங்கள். “உன்மீது குற்றமில்லை” என்று சொல்லுங்கள். பெயர் எதனையும் நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். அது சொன்ன சொற்களை அப்படியே நாளும் நேரமும் இட்டு எழுதி வையுங்கள். உடுத்திய ஆடையை அலசிவிடாமல் எடுத்து வைத்து, தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 1098 என்னும் தொலைபேசி எண்ணில் குழந்தைகளுக்கான உதவி கிடைக்கும். குடும்பப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிடும் விஷயமன்று இது. ஜமாஅத்தின் பஞ்சாயத்துக்கும் இதில் இடமில்லை. மானம் போய்விடும் என்று அஞ்சி மூடி மறைப்பதனால் காக்கப்படுவது குற்றவாளியின் மானமேயன்றி, குழந்தையின் மானமன்று.

ஓதிக்கொடுக்கும் பணியில் உள்ள நம்மவருக்கும் ஒரு சொல். உஸ்தாதின்மீது பெற்றோர் கொண்டிருக்கும் மதிப்பு ஓர் அமானிதம். அந்த மதிப்பே சில இடங்களில் குழந்தையின் குரலை அமுக்கிவிடுகிறது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. மக்தபின் கதவு திறந்திருக்கட்டும். ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்தி ஓதிக்கொடுக்கும் வழக்கம் ஒழியட்டும். இதனை அவமதிப்பாக எவரும் கருத வேண்டியதில்லை. இரவு வேளையில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு நடந்து சென்ற அண்ணல் நபி (ஸல்) அவர்கள், எதிர்ப்பட்ட அன்சாரித் தோழர் இருவரை நிறுத்தி, இவர் ஸஃபிய்யா என்று தாமே முன்வந்து அறிவித்தார்கள். ஐயத்துக்கே இடந்தரலாகாது என்று மாசற்ற நபியே காட்டித்தந்திருக்க, நாம் யார் மனம் நோவதற்கு?

தன் துயரத்தைச் சொல்லச் சொல்லறியாத குழந்தைகளின் குரலைக் கேட்கும் செவிகளையும், குற்றமற்றவர்மீது பழி சுமத்தாத நாவுகளையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.